பொட்டு வைத்த ஃப்ளாப்பி

ஃப்ளாப்பிக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. வெயிலில் வைக்காதே, வளைக்காதே, காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே என்று உறையின் பின்னால் வரிசையாகப் படம் போட்டிருப்பான். சந்தனக் கிண்ணத்தின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் ஒன்றும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

நான் வேலை பார்த்த நூற்பாலையின் கணினிப் பிரிவில் இப்போது இருக்கிற பிள்ளைகள்தாம் எழுதச் சொன்னார்கள். ஆலையின் கணக்கு முழுவதும் கண்காணாத ஊரில் இருக்கும் ஏதோ சர்வருக்குப் போய்விட்டதாம். பழைய கணினி அறையைக் காலி செய்து சாப்பாட்டு மேசை போட்டுவிட்டார்களாம். "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்றான் ஒருவன். "எத்தனை பக்கம்?" என்று கேட்டேன். "விளம்பரம் போக மிச்சம் இருக்கற பக்கம் சார்" என்றான். என் அனுபவத்தின் மதிப்பை இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, ஆலை கூப்பிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்கச் சென்னையில் வைத்து டாஸ் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது. ராசிபுரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியபோது, ஊருக்கே ஒரு கம்ப்யூட்டர்காரன் வந்துவிட்டான் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். வீட்டில் மிக்சியைக் கையில் கொடுத்து, ஓடவில்லை, பார் என்றார்கள். அதுவும் எனக்கு வரவில்லை.

எங்கள் கணினி அறைக்குள் செருப்பு போகக் கூடாது, சாப்பாடு போகக் கூடாது, முக்கியமாகப் பஞ்சு போகக் கூடாது. ஒரு பஞ்சாலையில் பஞ்சுக்குத் தடை விதித்திருந்த ஒரே அறை அதுதான். ஃப்ளாப்பி டிரைவில் டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கிற முனைக்கு ஹெட் என்று பெயர். மற்ற இடங்களில் அதைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார்கள். எங்கள் மேலாளர் தணிகாசலம் சார் மெல்லிய தோல் துண்டால் மட்டும்தான் துடைக்க விடுவார். "ஆலை பூராப் பஞ்சு தின்னுது. நம்ம டிரைவுக்கும் ஊட்ட வேண்டாம்" என்பார்.

சாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவர் முதலில் செய்வது, தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வது. அப்படியே நின்று பார்ப்பார். காதைக் கொடுத்துக் கேட்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி அவ்வளவு நிதானம். பக்கத்தில் நாங்கள் பதறிக்கொண்டிருப்போம்.

ஒரு மழைக்காலத்தில் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. நூல் மூட்டைகளோடு போகவேண்டிய பட்டியலை வாசலை ஒட்டிய கிடங்குக் கணினியில்தான் அச்செடுக்க வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து டிஸ்க்கை ஓட்டமாகக் கொண்டுவந்து போட்டேன். படிக்கவில்லை. திரையில் டாஸ் கேட்கும் அந்தக் கேள்வி வந்தது: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்? கைவிடவா, மறுபடி முயலவா, தோற்றுப்போகவா? மனிதனுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் வினாத்தாள் தயாரித்ததில்லை. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எல்லாத் தேர்வையும் மறுபடி எழுதிப் பழகியவன். ரீட்ரைக்கான ஆர் எழுத்தை அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன். டிரைவ் கர்ர் கர்ர் என்று தொண்டையைச் செருமியது. வெளியே ஓட்டுநர்கள் ஹாரனை அமுக்கினார்கள். நான் உள்ளே அமுக்கினேன்.

சார் வந்து நின்றார். "கையப் பின்னால கட்டு" என்றார்.

கட்டினேன்.

"டிஸ்க் எங்க இருந்துச்சு?"

"ஏசி ரூம்ல சார்."

"இங்க எப்படி இருக்குது?"

"புழுக்கமா இருக்குது சார்."

"ஐஸ் பொட்டியில இருந்து எடுத்த சோடா பாட்டில் வெளிய வெச்சா என்ன ஆகும்?"

வேர்க்கும். டிஸ்க் வேர்த்திருந்தது. அவர் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். டீ சொன்னார். நான் கையை நீட்டியபோது, "டீ உனக்கில்ல, டிஸ்க்குக்கு. அது காயற நேரத்துக்குத்தான் சொன்னேன்" என்றார். டீ ஆறி, அவர் குடித்து முடித்து, டிஸ்க்கைப் போட்டோம். படித்தது. லாரிகள் கிளம்பின. போகும்போது சார் சொன்னார்: "மறுபடி செய்யறதுக்கு முன்னால ஏதாச்சும் ஒண்ணு மாறியிருக்கணும். ஒண்ணுமே மாறாம மறுபடி மறுபடி செஞ்சா, தேயறது மட்டுந்தான் நடக்கும்."

இதை அவர் டிஸ்க்கைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் பிற்பாடு மற்ற விஷயங்களுக்கும் பொருத்திப் பார்த்து, எல்லாவற்றிலும் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தேன்.

ஆலை பழைய இயந்திரங்களைக் காயலாங்கடைக்குத் தள்ள முடிவு செய்தபோது நானும் கிட்டத்தட்ட அதே பட்டியலில் இருந்தேன். ஓய்வு பெறும்போது, அவற்றை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கி மாடி அறையில் அடுக்கினேன். "மத்தவிய ரிட்டயர்டு ஆனா ஆபீச உட்டுட்டு ஊட்டுக்கு வருவாங்க. இவரு ஆபீசையே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு காலத்து இயங்குதளம் இருக்கிறது. சிலவற்றில் டாஸ், ஒன்றில் பழைய விண்டோஸ், ஒன்றில் யூனிக்ஸ். அந்தக் கடைசி ஆள் எழுந்து உட்காருவதற்குள் குக்கரில் பருப்பு வெந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எழுப்பி, ஓடவிட்டு, படுக்க வைப்பேன். சும்மா கிடந்தே கெடுகிற சாதி இவை. அதில் எனக்கும் இவற்றுக்கும் வித்தியாசமில்லை. புதுக் கணினியிடம் பழைய டிஸ்க்கைக் கொடுத்தால், இது யார் என்று கேட்கும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசிவிட ஆள் வேண்டும். திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் ஏதாவது பழைய இயந்திரம் ஃப்ளாப்பி கேட்டு அடம்பிடித்தால் என்னைத் தேடி வருவார்கள். இரண்டு பேரைத் தவிர யாரையும் நான் பெரிதாக நினைவில் வைத்ததில்லை. அந்த இரண்டு பேரும் விஜயதசமி கழிந்து வந்தார்கள்.

"ஏனுங்க, செத்த டிஸ்க்கப் பொழைக்க வெக்கறவரு ஊடு இதுதானுங்களா?"

"பொழைக்க வெப்பேன்னு சொல்ல முடியாதுங்க. கூட உக்காந்து நல்லா அழுவேன்" என்றேன்.

வந்தவர் சிரிக்கவில்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் பட்டு நெய்கிறவர், பெயர் குப்புசாமி. அவருடைய மனைவி ஈஸ்வரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டேன். வந்தாள், ஆனால் அவரை விட்டுத் தள்ளி, சுவரை ஒட்டி நின்றாள்.

குப்புசாமியின் தறிக்கு மேலே கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டி. சேலையில் எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற பெட்டி அது. பழையதாக வாங்கியது, டிசைனை ஃப்ளாப்பியில்தான் கேட்கும். அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சேலை. உடல் முழுவதும் நெய்து முடிந்துவிட்டது. மயில் வரிசை போட்ட முந்தி மட்டும் பாக்கி. அதன் டிசைன் இந்த ஒரே டிஸ்க்கில். வரைந்து கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்டார். நகல் யாரிடமும் இல்லை. தலையில்லாத சேலை தறியில் நின்றுகொண்டிருந்தது. தறியில் ஏற்றிய பாவு நூலை அறுத்து எடுக்கவும் முடியாது, மேலே நெய்யவும் முடியாது.

"என்ன ஆச்சுங்க டிஸ்க்குக்கு?"

"அவளக் கேளுங்க" என்றார்.

டிஸ்க்கின் உலோக மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே கறுப்புத் தகட்டின் மேல் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கையில் இருந்ததைப் பார்த்தால் யாருக்கும் கும்பிடத் தோன்றும்.

ஈஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆயுத பூசைக்கு அருவாளுக்கு வெக்கறம், வண்டிக்கு வெக்கறம், நாடாவுக்கு வெக்கறம். அடுத்த வேல இந்த டிஸ்க்குலதான்னு சொன்னாங்க. இத மட்டும் உட்டா நல்லாருக்குமுங்களா? தகடத் தள்ளுனேன், தள்ளுச்சு. உள்ள கறுப்பா மொகம் தெரிஞ்சுது. பொட்ட மொகத்துலதானுங்க வெக்கோணும்?"

கையேடு எழுதியவர்கள் இவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

"நல்ல நாளும் அதுவுமா தறிய நிறுத்தீட்டா" என்றார் குப்புசாமி.

"வெளங்காத கைன்னு சொல்லீட்டாருங்க" என்றாள் அவள் என்னிடம். "டிஸ்க்கு பொழைச்சாலும் சரி, பொழைக்காட்டியும் சரி, நான் இனித் தறியேற மாட்டேனுங்க. என்ற கை பட்டு இன்னொண்ணு நின்னு போகோணுமா?"

பட்டுத் தறியில் கரைக்குத் தனியாக நாடாவை, அதாவது ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டையை, எடுத்துப் போட இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அது ஈஸ்வரியின் இடம். அவள் உட்காராவிட்டால் நான் டிஸ்க்கை உயிரோடு திருப்பிக் கொடுத்தும் பிரயோசனமில்லை. ஆக, என் மேசைக்கு வந்திருந்தது இரண்டு ரிப்பேர். ஒன்றுக்குத்தான் எனக்குப் பயிற்சி உண்டு. அதுவும் ஒரு மழைக்காலம்.

"ஒருக்காப் போட்டுத்தான் பாருங்களேன்" என்றார் குப்புசாமி.

"நீங்க எத்தன தடவ போட்டீங்க?"

"விஜயதசமியன்னிக்குத் தறி ஓடோணுமில்லீங்களா? ஒரு வரியாச்சும் நெய்ஞ்சறலாம்னு ரீட்ரைய அமுத்திக்கிட்டே இருந்தேனுங்க. பொழுது சாயற மட்டும்."

எனக்கும் விரல் அரித்தது. போட்டுத்தான் பார்ப்போமே என்று ஆசை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்களும் கட்டிக்குங்க" என்றேன். ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டு இருவரும் கட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் மேசையைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டி நின்றோம். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீரோடு அப்படியே திரும்பிப் போனாள்.

பார்த்த பிறகு வேலையைத் தொடங்கினேன். எழுதத் தடை செய்யும் சின்னக் கட்டையை முதலில் நகர்த்தினேன். என் கைத்தவறால்கூட அதில் எதுவும் பதியக் கூடாது. பிறகு பிளாஸ்டிக் கூட்டை ஓரத்திலிருந்து மெல்ல நெம்பிப் பிரித்தேன். உள்ளே டிஸ்க்குக்கு மெத்தை போல ஒரு துணி இருக்கும். அது முழுக்கக் குங்குமப் பொடி. அந்தக் கூடு இனி உதவாது. தகட்டை மட்டும் நடுவில் இருக்கும் உலோகக் குமிழைப் பிடித்து எடுத்தேன். பாட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ கலந்து, தகட்டை நனைத்து, காய்ந்த சந்தனம் தானாக ஊறி விடும்வரை விட்டேன். தேய்க்கவில்லை. பிறகு விரல் நுனியால், குழந்தைக்கு முகம் கழுவுவது போல. கிண்ணத்துத் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

"ஆரத்தியாட்ட இருக்குதுங்க" என்றாள் ஈஸ்வரி. புகார் இல்லாமல் அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. நான் கிண்ணத்தைக் கொட்டப் போனபோது, "குடுங்க" என்று வாங்கினாள். வீதி முனைக்குப் போய், ஆரத்தி ஊற்றுகிற மாதிரியே ஊற்றிவிட்டு வந்தாள். கையேட்டில் இதுவும் இல்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தகட்டை நிழலில் காயவைத்தேன். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பொட்டு இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பாட்டுத் தட்டில் கீறல் விழுந்த மாதிரி, மெல்லிய வளையம் ஒன்று முழு வட்டமாக ஓடியது.

குப்புசாமி எட்டிப் பார்த்தார். "இந்தக் கோடு என்னங்க?"

சங்கடமான இடத்தில் ஜோக் அடித்துத் தப்பிப்பது என் வழக்கம். நாற்பது வருடம் அதில்தான் பிழைத்தேன். அன்று ஒன்றும் வரவில்லை.

"பொட்டு ஒரு எடத்துல சும்மா இருந்துச்சுங்க. டிஸ்க் சுத்தறப்போ ஹெட்டு அந்தக் குங்குமத்த இழுத்துக்கிட்டே போகும். ஒரு தடவ ரெண்டு தடவைன்னா லேசா அழுக்காகும், அவ்வளவுதான். சுத்தச் சுத்த அறுக்கும்."

அவர் வளையத்தைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். பிறகு, "அமுத்துனது நாந்தானுங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் சுவர்ப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஈஸ்வரி கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள்.

தகட்டை ஒரு சுத்தமான கூட்டுக்குள் போட்டு, டாஸ் இயந்திரத்தை எழுப்பினேன். இங்கே ஒரு முறை உண்டு. கெட்ட இடத்தில் மோதிக்கொண்டு நிற்கக் கூடாது. நல்லதாகக் கிடக்கிற எல்லாவற்றையும் முதலில் அள்ளிக்கொள்ள வேண்டும். காயம்பட்ட இடத்துக்குக் கடைசியில் போனால் போதும், அதுவும் ஒருமுறை. கொஞ்சம் படிப்பதும், டிஸ்க்கை வெளியே எடுத்து ஹெட்டைத் தோல் துண்டால் துடைப்பதும், மறுபடி கொஞ்சம் படிப்பதுமாக நகர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் தோலில் இளஞ்சிவப்புக் கறை குறைந்துகொண்டே வந்தது. முந்தி ஏறக்குறைய முழுதாக வந்தது. வளையம் ஓடிய இடத்துக்குக் கடைசியில் போனேன். டாஸ் அதே பழைய கேள்வியைக் கேட்டது. ஃபெயில் என்று பதில் சொல்லிவிட்டு மேலே போனேன். சில சமயம் அதுதான் சரியான பதில்.

டிசைனைத் திரையில் விரித்தோம். இரண்டு வரிசை மயில்கள். கீழ் வரிசை முழுசு. மேல் வரிசை மயில்களுக்கு உடம்பு இருந்தது, கொண்டை இருந்தது. நடுவில் கழுத்து இருக்க வேண்டிய இடம் வெறும் கட்டம்.

"கீழ இருக்கறத எடுத்து மேல ஒட்டலாம்" என்றேன், பெரிய மேதை மாதிரி. ஒட்டினேன்.

இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"கொக்குங்க" என்றார் குப்புசாமி.

"கொக்கில்ல, நாரை" என்றாள் ஈஸ்வரி. "கழுத்து எச்சாப் போயிருச்சு."

"எச்சில்ல. கோணயா உக்காந்திருக்குது."

"உங்களுக்குக் கண்ணு தெரியறதில்ல மாமா. எச்சு. கொண்டைக்குக் கீழ அஞ்சாறு வரி ரெண்டு தடவ வந்திருக்குது பாருங்க."

"அது நெழலு."

"கம்ப்யூட்டர்ல எங்கீங்க நெழலு?"

நான் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் கழுத்தும் எச்சாகிவிடும் போலிருந்தது. அவர் ஒரு வரியைச் சொன்னார், அவள் இல்லை என்றாள். அவள் ஒன்றைச் சொன்னாள், அவர் எண்ணிப் பார்த்துவிட்டு முனகினார். அவர்கள் சொன்னதை நான் அழித்து, சொன்னதை ஒட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து அதிகமாக வந்தது உண்மை, கோணலாக இருந்ததும் உண்மை. சண்டை போட்டுச் சண்டை போட்டு இருவருமாக நாரையை மயிலாக்கினார்கள். வந்தபோது என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அந்தத் தொல்லை எனக்கு எப்போது விட்டது என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

மறுநாள் வெண்ணந்தூருக்கு நானே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். ஜக்கார்டு பெட்டியில் போட்டோம். ஒருமுறைதான் போட்டோம். உறுமிவிட்டு ஏற்றுக்கொண்டது. குப்புசாமி தறியில் ஏறி உட்கார்ந்தார். கரைப் பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. ஈஸ்வரி வாசற்படியில் நின்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பலகையில் இருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார். தட்டியதே போதும், மறுபடியும் தட்டினார். மூன்றாம் முறை தட்டப் போனபோது, "இருக்கட்டும் மாமா, பலக தேஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து நாடாவை எடுத்தாள்.

சேலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேல் வரிசை மயில்களைக் கல்யாணத்தில் யாரும் குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

அதோடு விடத் தெரிந்தவனாக இருந்திருந்தால் தணிகாசலம் சார் மாதிரி நானும் ஆலையில் மேலாளர் ஆகியிருப்பேன். அடுத்த ஆயுத பூஜையை நினைத்துப் பயந்து, ஒரு காலி டிஸ்க்கை எடுத்துப்போய் ஈஸ்வரியிடம் கொடுத்தேன். "அம்மிணி, வேலைக்கு அது. பொட்டு வெக்க இது" என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் புரட்டிப் பார்த்தாள். "இதுல என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல. வெறும் டிஸ்க்."

"ஒண்ணுமில்லாததுக்கு ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா சாமி?"

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டாஸை எழுப்பி, முந்தி முழுவதையும் அதில் ஏற்றி, படிக்கிறதா என்று சரிபார்த்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிஸ்க்குக்கு நகல் எடுத்து வையுங்கள் என்று ஆலையில் என் சர்வீஸ் முழுக்கச் சுற்றறிக்கை விட்டிருக்கிறேன், ஒருவரும் எடுத்ததில்லை. இந்த ஒரு வீட்டில் மட்டும் அது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. ரீட்ரை போட அங்கே யாருக்கும் தைரியம் வராது என்பதால் மற்றதைவிட அதுதான் பத்திரம்.

இந்த வருஷம் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். ஈஸ்வரி அரிவாளுக்கு வைத்தாள், நாடாவுக்கு வைத்தாள், ஜக்கார்டு பெட்டிக்கு வைத்தாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த டிஸ்க்கைக் கையில் எடுத்து மூடியைத் தள்ளினாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். கறுப்பு முகத்தை ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மூடியைச் சார்த்தி, மூடியின் மேல் பொட்டு வைத்தாள்.

பக்கத்தில் குப்புசாமி நின்றுகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.